சுவரின் நலன் கருதி

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அக்பர் அலியின் டிவி கடையில், வந்தவர்களெல்லாம் சுற்றிக்கொண்டு போகும்படியாக, அந்தோணிராஜ் தரையில் மல்லாந்து படுத்திருந்தார். வேளாண்மை அலுவலகத்தில் ஜீப் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டை அழுக்காகிவிடக் கூடாதென்று அக்பர் அலி ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துக் கொடுத்திருந்தார். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், எதிர்ச்சுவரையே பார்த்தார் அந்தோணிராஜ்.

அவர் மனைவி இஞ்ஞாசியம்மாள் வீட்டில் அப்படித்தான் படுத்திருந்தாள். தண்ணீர் லாரி வந்த ஒரு காலையில் குடத்தோடு மாடிப்படியில் சறுக்கி விழுந்தவள், அதன்பிறகு எழுந்திருக்கவே இல்லை. முதுகெலும்பு போய்விட்டது. புண் வராமலிருக்கப் புரட்டிப் போடும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள். மற்ற நேரங்களில் அவள் கண்ணுக்குக் கிடைத்ததெல்லாம் மின்விசிறியும், கட்டிலுக்கு எதிரே இருந்த சுவரின் மேற்பாதியும்தான்.

ஒரே மகள் ஜெஸ்ஸி நாகர்கோவிலில் நர்ஸாக இருந்தாள். கூட வேலை பார்த்தவனையே கட்டிக்கொண்டாள். கல்யாணம் மாப்பிள்ளையின் ஊர்க் கோயிலில் நடந்தது. இஞ்ஞாசியம்மாளைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. அந்தோணிராஜ் மட்டும் பஸ் ஏறிப் போய், மகளை பீடம் வரைக்கும் கூட்டிச் சென்று விட்டுவிட்டு, பந்தியில் உட்காராமல் திரும்பி வந்தார். பொண்டாட்டி கேட்ட எதற்கும் அவரால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. சேலை என்ன நிறம் என்றாள். வெள்ளை மாதிரி என்றார். வெள்ளை மாதிரி என்றால் என்ன நிறம் என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பிறகு புருஷனும் பெண்டாட்டியுமாகக் குவைத்துக்குப் போன ஜெஸ்ஸி, அம்மா படுத்தபடியே கல்யாணத்தைப் பார்க்கட்டும் என்று தட்டையான டிவி ஒன்றும், கல்யாண டிவிடியும், அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டியும் வந்து சேரும்படி ஏற்பாடு செய்திருந்தாள். டிவி வந்துவிட்டது. அதைச் சுவரில் எதில் மாட்டுவது என்பதுதான் பாக்கி.

அக்பர் அலியிடம் மூன்று வகைப் பிராக்கெட்டுகள் இருந்தன. ஒன்று டிவியைச் சுவரோடு ஒட்டவைத்துவிடும். படுத்திருந்த அந்தோணிராஜுக்கு அதில் டியூப் லைட்டின் பளபளப்பு மட்டுமே தெரிந்தது. இன்னொன்றுக்குக் கை மாதிரி ஒரு நீட்டம் உண்டு, இழுத்தால் வரும், தள்ளினால் போகும். வசதியான வீடுகளில் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள் என்று அக்பர் அலி அதைச் சிபாரிசு செய்தார். கீழேயிருந்து பார்க்க அது தலைமேல் வந்து விழுந்துவிடும் போலிருந்தது. மூன்றாவது வகையில் டிவியின் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்க்கலாம். அக்பர் அலி அதைச் சாய்த்ததும், அதுவரை எங்கோ பார்த்துக்கொண்டிருந்த டிவி குனிந்து அந்தோணிராஜின் முகத்தைப் பார்த்தது.

“இதுதான் பாய்,” என்றார் அந்தோணிராஜ். எழுந்திருக்காமல் செத்த நேரம் அப்படியே கிடந்தார்.

சொந்த வீடாக இருந்திருந்தால் இதோடு விஷயம் முடிந்திருக்கும். அவர் இருந்தது அரசாங்கக் குடியிருப்பில். அங்குள்ள சுவர்கள் அனைத்தும் சுவர்ப் பாதுகாப்புக் கோட்டத்தின் பொறுப்பில் இருந்தன.

எங்கேயோ ஓர் ஊரில், கட்டிய வருஷமே ஓர் அரசுக் கட்டடம் இடிந்து விழுந்திருக்கிறது. அதை விசாரித்த குழு சிமெண்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், குடியிருந்தவர்கள் அடித்த ஆணிகளே காரணம் என்று கண்டுபிடித்தது. குடியிருப்பவர்களிடமிருந்து சுவர்களைக் காப்பாற்றுவதற்காக அதன்பிறகு ஏற்படுத்தப்பட்டதே இந்தக் கோட்டம். கோட்டத்துக்கென்று கட்டிய சொந்தக் கட்டடத்தில் சுவர்கள் ஊறிப்போய்விட்டதால், அலுவலகம் நத்தம் ரோட்டில் வாடகைக்கு இருந்தது. அந்த வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க அனுமதிக்காததால் அங்கே கடிகாரம் ஜன்னல் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

கோட்டம் விளையாட்டுக்கு இருக்கவில்லை. அந்தோணிராஜின் கீழ்வீட்டில் இருந்த பொம்மையன், முகம் பார்க்கும் கண்ணாடி மாட்ட ஓர் ஆணி அடித்துவிட்டு, குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. படுத்த படுக்கையாக இருக்கிறவளை வைத்துக்கொண்டு அந்தோணிராஜ் எங்கே போவார்? பிராக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு நத்தம் ரோட்டுக்குப் போனார்.

உதவிப் பொறியாளர் விக்னேஷ்குமார் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். உட்காரச் சொன்னார். பிராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவரில் தொங்க அனுமதிக்கப்பட்டவை காலண்டர், கடிகாரம், சாமி படம் ஆகிய மூன்றுதான் என்றும், டிவியைப் பற்றி விதியில் ஒன்றுமே இல்லை என்றும், விதியில் இல்லாத ஒன்றைத் தன்னால் மறுக்கவும் முடியாது, அனுமதிக்கவும் முடியாது என்றும் வருத்தத்தோடு விளக்கினார். பிறகு உதவி செய்யும் எண்ணத்தில், அது தேதி காட்டுமா என்று கேட்டார். காட்டாது என்றார் அந்தோணிராஜ். மணி?

“நியூஸ் வாசிக்கையில மூலையில மணி போடுவாங்க சார்.”

விக்னேஷ்குமாரின் முகம் மலர்ந்தது. டிவியைக் கடிகாரமாகக் கருதலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினார். கடிகாரம் ஏன் குனிய வேண்டும் என்று கேட்டு அது திரும்பி வந்தது.

பின்னர் ஒருநாள் கோட்டத்தார் வீட்டுக்கே வந்தார்கள். சுவரைக் காது வைத்துக் கேட்டார்கள், விரலால் தட்டினார்கள். கட்டிலில் கிடந்தவள் வணக்கம் சொன்னதற்கு ஒருவர் சுவரைப் பார்த்தபடியே தலையாட்டினார். டிவியின் எடையைச் சுவர் தாங்குமா என்று முதலில் பரீட்சித்துப் பார்ப்பதென முடிவாயிற்று. கோட்டத்து ஆட்கள் வந்து, எந்த இடத்தில் ஓட்டை போட அந்தோணிராஜ் அனுமதி கேட்டாரோ அதே இடத்தில் ஓட்டை போட்டு, இரும்புக் கொக்கி இறக்கி, ஓர் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டார்கள். ஓட்டைதான் போட்டாயிற்றே, மூட்டைக்குப் பதிலாக டிவியையே மாட்டிவிடலாமே என்று அவர் கேட்டார். இது சோதனை ஓட்டை என்றும், சோதனை முடிந்ததும் இதை அடைத்த பிறகே அனுமதி ஓட்டையைப் பற்றி யோசிக்க முடியும் என்றும் விக்னேஷ்குமார் பொறுமையாகச் சொன்னார்.

இஞ்ஞாசியம்மாள் அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜெஸ்ஸி போன் செய்வாள், பார்த்தாயாம்மா என்று கேட்பாள். மாட்டப்போகிறார்கள் என்பாள் இவள். போனை வைத்ததும் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“கல்யாணத்துக்கு அரிசி வந்திருச்சு. பொண்ணத்தான் இன்னும் காணோம்.”

மூட்டை தொங்கிய நாட்களில்தான் இன்னொன்றும் தொடங்கியது. சுவர் மூலையில் ஒட்டடை தொங்குகிறது, அடித்துவிடுங்கள் என்றாள். அந்தோணிராஜ் நாற்காலி போட்டு ஏறித் துடைப்பத்தால் அடித்தார். இன்னும் இருக்கிறது என்றாள். எங்கே என்றார். மூட்டையைச் சுற்றி, விசிறியைச் சுற்றி, எல்லா இடத்திலும். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தன் கண்தான் மங்கிவிட்டதென்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றுமில்லாத இடத்தையெல்லாம் பெருக்கினார். அவள் மனசு கஷ்டப்படக் கூடாதென்று, இப்போ சுத்தமாயிருச்சு என்றார். அவளும் அவர் மனசு கஷ்டப்படக் கூடாதென்று, ஆமாம் என்றாள்.

சுவர் தாங்கியது. மூட்டையை இறக்கி, ஓட்டையை அடைத்து, வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள். எந்தப் பிராக்கெட் என்பதைத் தீர்மானிக்கக் கோட்டப் பொறியாளர் மலைச்சாமி தலைமையில் கூட்டம் கூடியது. அந்தோணிராஜையும் வரச் சொல்லியிருந்தார்கள். சுவரோரம் நிற்கப்போனவரை, சாய்ந்துவிடாதீர்கள் என்று எச்சரித்து நடுவில் நிற்க வைத்தார்கள்.

மலைச்சாமி கனத்த குரல்காரர். உணர்ச்சிவசப்படக்கூடியவர்.

“நான் முப்பது வருஷமாகச் சுவர்களோடு வாழ்கிறவன்,” என்று தொடங்கினார். “மனிதர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள், ஓய்வு பெறுவார்கள், இறப்பார்கள். சுவர் எங்கேயும் போகாது. அதற்கு நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்? வேடசந்தூர் ரோட்டில் நம் கோட்டத்துக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. கட்டி முடித்த நாளிலிருந்து அதை யாருக்கும் ஒதுக்கவில்லை. போய்ப் பாருங்கள், ஒரு கீறல் கிடையாது. குடியிருப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும். ஆட்கள் குடியேறுவதால்தான் வீடுகள் கெட்டுப்போகின்றன.”

எல்லோரும் தலையசைத்தார்கள். ஒட்டிக்கொள்ளும் பிராக்கெட்டை அனுமதிப்பதில் கோட்டத்துக்கு ஆட்சேபணை இல்லை என்றும், சாய்கிற பிராக்கெட் அசையும் பொருளாகிவிடுவதால் அது இயந்திரமா என்ற கேள்வி வருகிறது என்றும் விவாதம் நடந்தது. கடைசியில் மலைச்சாமி ஒரு வழி கண்டுபிடித்தார். டிவியை நேராக வைத்துவிட்டு, பயனாளியைச் சாய்த்து வைத்தால் என்ன?

“அவளச் சாய்க்கக் கூடாதுங்கய்யா,” என்றார் அந்தோணிராஜ். “உசுரு போயிரும்.”

அப்படியானால் பயனாளி சாய்க்க முடியாதவர் என்று டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றார்கள்.

அந்தோணிராஜ் லீவு போட்டார். ஆம்புலன்ஸ் பிடித்து, மாடியிலிருந்து அவளை ஸ்டிரெச்சரில் இறக்கி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அவள் கண்முன்னால் எதையோ கையால் விலக்கிக்கொண்டே வந்தாள். முதுகைப் பார்த்த டாக்டர் முதுகுக்குச் சான்றிதழ் கொடுத்தார். வேறு ஏதாவது உண்டா என்று அவர் கேட்கவில்லை. வாங்கிய காகிதம் கசங்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டதில் அந்தோணிராஜுக்கும் வேறு நினைப்பில்லை.

சான்றிதழைக் கொடுத்துவிட்டு வந்த வாரத்தில், ஒரு மத்தியானம், இஞ்ஞாசியம்மாள் அவரைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, சுவத்துக்குச் செவப்பு அடிச்சிருக்காங்களா?”

சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது.

மதுரைக்கு வேனில் படுக்க வைத்துக் கொண்டுபோனார். கண்ணாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா விளக்கைப் பிடித்து இரண்டு கண்ணையும் நெடுநேரம் பார்த்தார். வெகுநாளாகச் சர்க்கரை இருந்திருக்கிறது, கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, உள்ளே திரை பிய்ந்துவிட்டது, இனிப் பார்வை திரும்பாது என்றார். முதலில் பூச்சி மாதிரி, ஒட்டடை மாதிரி ஏதாவது தெரிகிறது என்று சொன்னார்களா என்று கேட்டார். அந்தோணிராஜ் சுவரைப் பார்த்தார். சொன்னபோதே கூட்டி வந்திருக்கலாமே என்று டாக்டரம்மா திட்டாமல், தணிந்த குரலில்தான் சொன்னார். அவர் திட்டியிருக்கலாம் என்று அந்தோணிராஜுக்கு இருந்தது.

வருகிற வழியில் வேனுக்குள் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார். இஞ்ஞாசியம்மாளுக்கு அது கேட்டது.

“அழுகாதீங்க. சுவத்தப் பாத்துப் பாத்து எனக்கும் அலுத்துத்தான் போச்சு,” என்றாள்.

ஜெஸ்ஸிக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். மகள் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது, மாட்டியாச்சுடி, பாத்தேன், கண்ணுக்கு நெறவா இருந்துச்சு என்றாள். ஜெஸ்ஸி போனில் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று இவள் புருஷனுக்குச் சொன்னாள்.

அனுமதி உத்தரவு அதற்கடுத்து வந்தது. விக்னேஷ்குமார் அதைக் கையில் கொடுத்து, அந்தோணிராஜின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாய்கிற பிராக்கெட்டுக்குக் கோட்டம் வழங்கும் முதல் அனுமதி என்றார். கடைசிப் பத்தியைப் படித்துக் காட்டினார். பயனாளிக்குப் பயன்படும் காலம் வரைதான் இந்த அனுமதி. பயன்பாடு நின்றுபோனால் பிராக்கெட்டை அகற்றி, விதியை மீறிச் சுவரைத் துளைத்ததாகவே கருதி நடவடிக்கை எடுக்கப்படும். மாட்டியபின் கோட்டப் பொறியாளரே நேரில் வந்து பயன்பாட்டை உறுதி செய்துகொள்வார்.

உண்மையைச் சொல்லி உத்தரவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் அந்தோணிராஜ் போயிருந்தார். அந்த இளைஞனின் சந்தோஷத்துக்கு முன்னால் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து பொண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“மாட்டுங்க,” என்றாள்.

“எதுக்கு இஞ்ஞாசி?”

“பிள்ள அனுப்புனது. சத்தமாச்சும் கேக்கும்ல.”

அக்பர் அலியே டிரில்லரோடு வந்தார். பழைய ஓட்டையை அடைத்த இடத்திலேயே மறுபடி துளைத்து, பிராக்கெட்டை முடுக்கி, டிவியை ஏற்றினார். கட்டிலைத் திரும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் குனியணுமாம்மா என்று கேட்டார். இஞ்ஞாசியம்மாள் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, போதும்பா என்றாள். அக்பர் அலிக்குப் புரிந்துவிட்டது. திருகாணியை இறுக்கினார். அவர் கட்டிலோரம் குனிந்து பார்த்து, சாய்மானத்தை இன்னும் ஒரு நூல் சரி செய்துவிட்டுத்தான் போனார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கல்யாணம் ஓடியது. அந்தோணிராஜ் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவார். முதலில் மோசமாகத்தான் சொன்னார். ஆட்கள் நிற்கிறார்கள் என்பார். யார் யார், எந்தப் பக்கம், என்ன உடுத்தி என்று அவள் விடாமல் கேட்பாள். சேலை வெள்ளை இல்லை, சந்தன வெள்ளை, கையில் மட்டும் பொடிப்பூ வேலைப்பாடு என்று அவர் கண்டுபிடித்தபோது, அப்படிச் சொல்லுங்க என்றாள். மோதிரம் போடும்போது மாப்பிள்ளை முதலில் வேறு விரலைப் பிடித்துவிடுவதை அவர் நேரில் பார்க்கவில்லை, டிவியில்தான் பார்த்தார். மகள் அழாமல் இருக்க உதட்டை உள்ளே மடித்துக்கொள்வதையும் அதில்தான் பார்த்தார். அது உன்ன மாதிரி என்றார். அதைச் சொல்லும்போது அவள் உதடும் அப்படித்தான் இருந்தது.

மலைச்சாமி வந்த நாள் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவரோடு விக்னேஷ்குமாரும், ரசமட்டம், டேப், கேமரா சகிதமாக இன்னும் சிலரும் வந்தார்கள். அவர்கள் படியேறும் முன்பே கரண்ட் போய்விட்டது. அந்த வருஷம் எந்நேரமும் அப்படித்தான். டிவி கருகருவென்று கிடந்தது. விசிறி நின்றிருந்தது. கட்டிலில் இஞ்ஞாசியம்மாள் வியர்வை துடைக்காமல் நேரே மேலே பார்த்தபடி இருந்தாள்.

யாரும் டிவியைப் பார்க்கவில்லை. பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் இடையில் விரலை விட்டுப் பார்த்தார்கள். ரசமட்டம் வைத்துக் கோணல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். துளையைச் சுற்றிப் பூச்சு உதிர்ந்திருக்கிறதா என்று ஒருவர் டார்ச் அடித்தார். மலைச்சாமி சுவரை உள்ளங்கையால் தடவிக் கொடுத்தார். திருப்தி அடைந்தவராய் முதன்முறையாகக் கட்டிலின் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, தெரிகிறதா?”

“நல்லாத் தெரியுதுங்கய்யா.”

“என்ன தெரிகிறது?” என்றார். அதையும் கேட்கவேண்டும் என்று விதியில் இருந்தது.

அந்தோணிராஜ் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்.

“எம்மக தெரியிறா,” என்றாள்.

மகிழ்ச்சி என்றார் மலைச்சாமி. பயனாளி தெளிவாகப் பார்க்கிறார் என்று விக்னேஷ்குமார் குறித்துக்கொண்டார். மலைச்சாமி டிவிக்குக் கீழே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். மக்கள் நலனும் சுவர் நலனும் கைகோக்கும் தருணம் இது என்று சொல்லிவிட்டு, அடுத்த சுவரைப் பார்க்கக் கிளம்பினார். படியிறங்கும்போது, இப்படிப்பட்ட அம்மாக்களின் முகத்தில் வெளிச்சத்தைப் பார்ப்பதற்குத்தான் நாம் உழைக்கிறோம் என்று அவர் கீழே யாரிடமோ சொன்னது மேலே கேட்டது.

அந்தோணிராஜ் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“போய்ட்டாங்களா?”

“போய்ட்டாங்க.”

“விசிறி நின்னப்பவே தெரியும் எனக்கு. நீங்க பயந்துட்டீங்க.”

அவர் துண்டை நனைத்து வந்து அவள் கழுத்தையும் நெற்றியையும் துடைத்தார். கண்ணைத் துடைக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நேத்து எதுல விட்டோம்?” என்றாள்.

“கோயில் வாசல்ல. கார்ல ஏறப் போறாங்க.”

“சொல்லுங்க.”

“கரண்ட் வரட்டும் இஞ்ஞாசி.”

“நீங்க சொல்லுங்க.”

அவர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். இருண்டு கிடந்த டிவியில் கட்டிலும், அதில் அவளும், பக்கத்தில் தானும் மங்கலாகத் தெரிவதைப் பார்த்தார். அப்புறம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, ஜெஸ்ஸி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் படி இறங்குறா, வெயில் கண்ணுல அடிக்குது, நெத்திக்கு மேல கைய வச்சுக்கிட்டு யாரையோ தேடுறா என்று சொல்லத் தொடங்கினார்.

“யாரத் தேடுறா?”

அந்தோணிராஜ் பதில் சொல்வதற்குள் கரண்ட் வந்து, விசிறி ஒரு முனகலோடு சுற்ற ஆரம்பித்தது. அவர் எழுந்து போய் டிவியைப் போடவில்லை.